தழும்பு என்றொரு கட்டம்

போன எபிசோடில் ராஜாக்களின் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசினோம். கல்வெட்டு வெட்டிக்க வசதியில்லாதவங்களை எங்கே தேடுறது? இன்னைக்கு ஒரு கப்பல் பதிவேட்டைத் திறந்து பார்ப்போம்.

1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து கிளம்பி, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறியவர்கள் 340 பேர் சொச்சம். 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் 1,52,000-க்கும் மேல். பெரும்பாலோர் மெட்ராஸில் கப்பல் ஏறியவர்கள். தமிழ், தெலுங்கு பேசியவர்கள்.

இவர்கள் டைரி எழுதலை. ஆனா பதிவேட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி இருக்கு. முதலில் ஒரு எண். அப்புறம் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடல் அடையாளம். நெற்றியில் தழும்பு, முழங்காலில் வடு, கையில் பச்சை குத்தியது, இப்படி.

யாரும் அக்கறையா குறிச்சு வைக்கலை. ஆள் மாறாட்டம் நடக்கக் கூடாது, தோட்டத்தை விட்டு ஓடினா பிடிக்கணும், அதுக்குத்தான் அந்தக் கட்டம். ஆனா போட்டோ இல்லாத ஒரு மனுஷியைப் பற்றி இன்னைக்கு நமக்குக் கிடைக்கிற ஒரே உருவ வர்ணனையும் அதுதான். சின்ன வயசில் எங்கேயோ விழுந்து எழுந்த காயம், அரசாங்கக் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கு!

அதுக்காகப் பதிவேட்டை அப்படியே நம்பிடக் கூடாது. வயது பல இடங்களில் குத்துமதிப்பு. சாதி, இவர் சொன்னதா, குமாஸ்தா முடிவு பண்ணினதா? ஒரே ஒரு வரியை வெச்சுச் சொல்ல முடியாது. பக்கத்தில் வேற ஆவணத்தை வெச்சுப் படிக்கணும்.

அப்படி ஒண்ணு இருக்கு. 1871-இல் ஒப்பந்தம் முடிந்து மெட்ராஸ் திரும்பியவர்கள், அடியையும் கூலிப் பிடித்தத்தையும் அதிகாரிகளிடம் சொன்னார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கலாம் என்றே சட்டம் இருந்தது. முதல் வருடச் சம்பளமே மாசம் பத்து ஷில்லிங்தான். இந்தப் புகார்களால்தான் 1872-இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. பதிவேட்டில் வெறும் எண்ணாக இருந்தவர்கள் இங்கே வாய் திறந்து பேசுறாங்க. ஆனா, அவங்க தாய்மொழியில் சொன்னது, மொழிபெயர்ப்பாளர் வாய் வழியா ஆங்கிலமா மாறித்தான் நம்மகிட்ட வருது. அவங்க கோபத்தில் எவ்வளவு அந்த வழியில் உதிர்ந்துச்சோ!

அங்கே இருக்கும் கொள்ளுப்பேரன்கள் இன்னைக்கும் அந்த எண்ணை வெச்சுத்தான் பூர்வீக ஊரைத் தேடுறாங்க. சிக்கல் எழுத்துக்கூட்டல். வெள்ளைக்கார முறையில் காதுக்குக் கேட்ட மாதிரி எழுதின கிராமப் பெயரை எந்த மேப்பிலும் காணோம். இங்கேதான் நம்ம உதவி தேவை. உங்க கண்ணில் அப்படி ஒரு பெயர் பட்டால், கூகுளில் தட்டுறதுக்கு முன்னாடி, தாலுகா பெயரைச் சேர்த்து வாய்விட்டு ரெண்டு மூணு தடவை படிச்சுப் பாருங்க. கண்ணுக்குப் புரியாத ஊர், சில சமயம் காதுக்குப் புரிஞ்சிடும்.