புதுச் சிறுநீரகமும் ஒரு கரண்டிச் சோடாவும்

(மருத்துவ உதவி நிதி நன்றி நவிலும் கூட்டத்தில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி நிதியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி தலைவர் பணித்தார். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படித்துவிட்டார். ஆகையால் நான் ஒரு தவற்றைப் பற்றிப் பேசுகிறேன். அது நான் செய்த தவறு.

என்னிடம் ஆறாம் ஆண்டில் படித்த மாணவர் ஒருவர், இப்போது நாற்பதைக் கடந்தவர். சில ஆண்டுகள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். பிறகு அவருடைய அக்கா தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு எனக்குத் தொலைபேசி வந்தது. "சார், ரத்தத்துல பைகார்பனேட் 20தான் இருக்காம். அமிலம் கூடியிருக்காம். டாக்டர் மருந்து ஒன்னும் கொடுக்கல, மூனு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னு சொல்லிட்டாரு. அக்கா கொடுத்தது கெட்டுப்போயிருமோன்னு பயமா இருக்கு சார்," என்றார்.

நான் அறிவியல் போதித்தவன். அமிலத்தைக் காரம் சமன்செய்யும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன். "ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, காலையும் மாலையும் தண்ணீரில் கலந்து குடிப்பா," என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் சொன்னதை அவர் தட்டவில்லை. பத்து நாளில் இரண்டு கால்களும் வீங்கின, இரத்த அழுத்தம் ஏறியது. கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் என் மகள் வயதுப் பெண். "யார் சொல்லிக் குடிச்சீங்க?" என்று அவர் கேட்டபோது, தலைமையாசிரியர் அறையில் நிற்கும் பையனைப்போல நான் கையை உயர்த்தினேன்.

அந்த அம்மையார் கோபித்துக்கொள்ளாமல் விளக்கினார். ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறத்தாழ 1.2 கிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் போதும் என்கிறது. சாப்பாட்டு உப்போடு இதையும் சேர்த்தால் கால் வீங்காமல் என்ன செய்யும்?

அமிலம் ஏன் கூடுகிறது? நாம் உண்ணும் புரதம் செரித்தபின் உடலில் அமிலம் மிஞ்சுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிமோல். அதைச் சிறுநீரில் தள்ளி, செலவான பைகார்பனேட்டைப் புதிதாகச் செய்து இரத்தத்தில் சேர்ப்பது சிறுநீரகத்தின் வேலை. லிட்டருக்கு 22 முதல் 29 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு உழைப்பது ஒன்றே ஒன்று. போதாக்குறைக்கு, உடல் அதை நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளே அமிலமும் பொட்டாசியமும் வெளியேறுவதைத் தடைப்படுத்துகின்றன. காக்கும் மருந்தை நிறுத்தவும் முடியாது.

அமிலம் நெடுங்காலம் மிகுந்திருந்தால் எலும்பும் தசையும் தேயும். பைகார்பனேட் குறைந்தவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் விரைவில் பழுதாவதை 2017இல் வெளியான தென்கொரிய ஆய்வும் காட்டியது. அப்படியானால் சோடா மாத்திரை கொடுத்தால் சிறுநீரகம் பிழைக்குமா? சுவிட்சர்லாந்தில் ஜூரிக், பெர்ன், ஜெனீவா நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். பைகார்பனேட் 22 அல்லது அதற்குக் கீழே இருந்த 242 பேரில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 4.5 கிராம் வரை சோடியம் பைகார்பனேட், மறு பாதிக்கு வெறும் மாத்திரை, இரண்டு ஆண்டுகளுக்கு. 2023இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. மருந்து உண்டவர்களுக்கு இரத்தத்தில் பைகார்பனேட் உயர்ந்தது. ஆனால் சிறுநீரகம் தளரும் வேகத்தில் வித்தியாசம் இல்லை.

இதை நான் பள்ளிக்கூடத்து வழியில் புரிந்துகொண்டேன். தினமும் தாமதமாக வரும் பையன் தேர்விலும் குறைந்த மதிப்பெண் வாங்குகிறான். அவனுக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தால் நேரத்துக்கு வருவான், மதிப்பெண் ஏறாது. வீட்டில் வேறு கஷ்டம் இருக்கும். அமிலம் மிகுவது பலருக்குச் சிறுநீரகத் தளர்ச்சியின் அடையாளம்தான்.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பைகார்பனேட் 18க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள மருந்து கொடுப்பதை எண்ணிப்பார்க்கலாம் என்று 2024ஆம் ஆண்டு அனைத்துலக வழிகாட்டி கூறுகிறது. நம் நிதியில் உதவி பெறும் ஒரு தாயாருக்கு 16 ஆயிற்று. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்றும் உண்கிறார். எவ்வளவு என்பதை எடை, இரத்த அழுத்தம், வீக்கம், பொட்டாசியம் எல்லாம் பார்த்து டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும். திடீரென்று குறைந்தால், வயிற்றுப்போக்கா, உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கிறதா என்றும் அவர்தான் தேட வேண்டும்.

பழமும் காய்கறியும் காரத்தைத் தருபவை, உண்மைதான். ஆனால் அவற்றில் பொட்டாசியம் உண்டு, இளநீரில் நிறையவே உண்டு. தம்புன் பம்ப்ளிமாஸ் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். பெலிம்பிங் பழமோ சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு நஞ்சு.

இப்போது நிதி விஷயத்துக்கு வருகிறேன். காரத்தண்ணீர் இயந்திரம் வாங்க உதவி கேட்டு ஒரு குடும்பம் மனுச் செய்திருந்தது. விலை பல ஆயிரம் வெள்ளி. மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்த தாய் கையெழுத்திட்ட மனு அது. அந்தத் தண்ணீரில் உள்ள காரம் மிகச் சொற்பம், வயிற்று அமிலத்திலேயே தீர்ந்துபோகும். குழுவில் நான் எதிர்த்துப் பேசினேன். சிலருக்கு என்மேல் வருத்தம். அதற்குப் பதிலாக, அந்த மகன் மருத்துவமனைக்குச் சென்றுவரும் போக்குவரத்துச் செலவை ஓராண்டுக்கு ஏற்றிருக்கிறோம். இரத்தப் பரிசோதனை ஒன்றுகூடத் தவறக்கூடாது என்பதே எங்கள் நிபந்தனை.

என் மாணவர் சோடாவை நிறுத்திய இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்தது. கடைசிப் பரிசோதனையில் 21, மாத்திரை இல்லாமலே. அவருடைய அனுமதி பெற்றுத்தான் இதைச் சொல்கிறேன். அக்காவும் தம்பியும் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அன்னதானத் தொண்டர்களே, தம்பிக்கு இளநீர் வேண்டாமாம், சாம்பாரில் உப்பு குறைவாக இருந்தால் போதுமாம்.