பால் மறக்கும் குட்டிக்கும் பத்தியம் உண்டு



தலைவி அக்கா பேசக் கூப்பிட்டதும், "பன்னி வளர்க்கிறதைப் பத்தி மேடையில என்னக்கா பேசுறது?" என்றேன். "நீ நஷ்டப்பட்டதைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்" என்றார். சொல்கிறேன்.

குழுக் கடனில் ஒரு சினை வெண்பன்றி வாங்கினேன். முதல் ஈற்றில் ஒன்பது குட்டி. தாய் சீக்கிரம் மறுசினைக்கு வரட்டும் என்று 30ஆம் நாளே குட்டிகளைப் பிரித்துவிட்டேன். ஈ.சி.ஆர். ஓட்டல்களில் மிச்சமான சோறும் குழம்பும் வைத்தேன். முதல் நாள் குட்டிகள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் பசியில் விழுந்து விழுந்து தின்றன. மூன்றாம் நாள் தண்ணியாகக் கழிச்சல். ஒரே வாரத்தில் ஐந்து குட்டி போச்சு. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சிக்குப் போனேன். அங்கேதான் என் தப்பு புரிந்தது. குட்டியின் சிறுகுடலுக்குள் பூத்துவாலை மாதிரி சின்னச் சின்ன விரல்கள் இருக்கு. சத்தை உறிஞ்சுவது அதுதான். பால் திடீரென நின்று குட்டி பட்டினி கிடந்தால், அந்த விரல்கள் குட்டையாகிவிடும். சோறு, தவிட்டைச் செரிக்கிற சக்தியும் அந்த வயதில் குறைவு. தாய்ப்பால் தந்த பாதுகாப்பும் போய்விடும். செரிக்காத தீனியில் கெட்ட கிருமி பெருகிக் கழிச்சல் வருது.

நாம பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலை அரைச்சுத் தடவுவோம். ஆனால் அதற்குப் பல மாதம் முன்பே குழைஞ்ச சோறும் கேழ்வரகுக் கூழும் ஊட்டிப் பழக்கிவிடுவோமே! அதைத்தான் நான் குட்டிகளுக்குச் செய்யவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். பிறந்ததும் சீம்பால். நான்காம் நாள் இரும்புச்சத்து ஊசி. இரண்டாவது வாரத்திலிருந்து, தாய் நுழைய முடியாத தடுப்புக்குள் குட்டித் தீவனம் கொஞ்சம்: மக்காச்சோள மாவு, கடலைப் புண்ணாக்கு, உப்பில்லாத மீன்தூள், தவிடு, தாது உப்பு. மிச்சத்தைத் தினமும் எடுத்துவிட்டுப் புதுசாக வைப்பேன். எட்டு வாரம் ஆன பிறகுதான் பால் மறக்கடிப்பேன். அப்போதும் தாயைத்தான் வேறு கொட்டிலுக்கு மாற்றுவேன். குட்டிகள் பழகின இடத்திலேயே இருக்கும். அடுத்த இரண்டு வாரம் அதே தீவனம், ஒரு நாளைக்கு நாலைந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கணும். ஓட்டல் மிச்சம் அதற்கு அப்புறம்தான், அதுவும் நல்லா கொதிக்க வைத்து.

கழிச்சல் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்குத் தரக்கூடாது என்று மத்திய அரசே 2019இல் தடை போட்டது. அதை அடிக்கடி கொடுத்தால் கிருமிக்குப் பழகிப்போய், மனுஷருக்கு ஆபத்து நேரத்தில் அதே மருந்து வேலை செய்யாது.

இரண்டாம் ஈற்றில் எட்டு குட்டி. ஒன்று தாய் படுத்ததில் நசுங்கிப் போச்சு. மற்ற ஏழுக்கும் கழிச்சல் வரவில்லை. அவற்றை விற்றுத்தான் பழைய தவணையை அடைத்தேன்.

கொட்டிலில் மறுபடி ஒன்று சினையாக இருக்கு. கடன் வாங்கிப் பன்றி வாங்க நினைக்கிறவங்க, முதலில் வந்து பத்து நாள் என்னோடு தீவனம் வைத்துப் பாருங்க. அப்புறம் கடனுக்குக் கையெழுத்துப் போடுங்க.