தனிப்பயிற்சி நிலையமும் பதிவும்

போடிநாயக்கனூரிலும் குரங்கணிச் சரிவிலும் ஏலத் தோட்டங்களில் உழைத்து நாம் ஈட்டும் கூலியில் ஒரு பகுதி, பிள்ளைகளின் தனிப்பயிற்சிக்குச் செல்கிறது. அந்நிலையம் சட்டப்படி நடைபெறுகிறதா எனக் கேட்டறிதல் நம் கடமையாகும்.

50 பேருக்கு மேல் பயிலும் நிலையம் பதிவு பெற வேண்டும். மாணவர் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டரேனும் இடம் வேண்டும். இடையில் விலகுவோர்க்கு எஞ்சிய கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும். இவை 2024 ஜனவரியில் மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள். ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைக் கடப்பின் சரக்கு சேவை வரிப் பதிவும் கட்டாயம். பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

2004இல் கும்பகோணப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். ஆதலின் சிறு நிலையமாயினும், கூரையையும் வாயிலையும் நேரில் கண்டு, கட்டண இரசீது பெற்ற பின்னரே பிள்ளைகளை அனுப்புவோமாக!