மூட்டுவலியும் சந்தை மாத்திரையும்



விடியுமுன் நிரைக்குச் சென்று, குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டி, காண்டா வாளி சுமந்தவர்க்கு ஐம்பது வயதில் முழங்கால் வலிப்பது வியப்பன்று. மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்வதே பெரும்பாலும் காரணம்.

இதற்குச் சந்தையில் விற்கும் ஜாமு மாத்திரையைப் பலர் நாடுவதை நாம் காண்கிறோம். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறதாம்! அவ்விரைவே ஐயத்திற்குரியது. இத்தகைய சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்துள்ளது. நாளடைவில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தாயின், உறையில் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கி ‘டி’ என முடியும் எண் இருக்கும்.

பாராசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டைத் தாண்டலாகாது. டைக்ளோபினாக் வலியைக் கூடுதலாகத் தணிக்கும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் அதனைத் தாமாக உண்ணலாகாது. தைலம் தேய்ப்பதில் தீங்கில்லை. அதனினும் மேலானது பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள், பத்து முறை. தொடைத் தசை வலுத்தால் முழங்காலுக்குப் பளு குறையும்.

காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, அரைமணிக்கு மேல் விறைத்திருந்தால் அது வெறும் தேய்மானம் அன்று. கத்தி பிடிக்கும் விரல்கள் கோணுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.