இடுமருந்தா? மூளை நோயா?

(நாவலூர் கூட்டத்தில் பேசியது)



இன்று மறதி நோயைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். நான் டாக்டரல்ல, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

முதலில் என் வீட்டுச் சங்கதி. மூன்று வருஷத்திற்கு முன், 71 வயதான என் தாயாருக்கு மறதி கண்டது. உலை வைத்ததை மறந்தார்கள், பிறகு தெருவை மறந்தார்கள், ஒருநாள் என்னையே பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா?" என்றார்கள். உறவினர் கூடினார்கள். என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? மருமகள் மீன் குழம்பில் மருந்து வைத்துவிட்டாள் என்று! மருந்து எடுக்கிறவன் ஒருவன் வந்தான். வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சினான். மயிர் சுற்றிய ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினான். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். என் துணைவியார் அன்றைக்கே தாய்வீடு போய்விட்டார். ஊரூராய் மேடையேறிப் பேசுகிற நான் என் அண்ணன் முன்னால் வாயைத் திறக்கவில்லை. நான்கு மாதம் கழித்துப் போய், மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். அந்த வெட்கம்தான் என்னைப் படிக்க வைத்தது.

நிற்க. இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த நோயல்ல. பக்கத்திலுள்ள திருப்போரூர்க் கிராமங்களில் 60 வயது கடந்தவர்களைச் சென்னை மனநல மருத்துவர்கள் சோதித்து, நூற்றுக்கு மூன்றரை பேருக்கு அறிவு மங்கும் நோய் இருப்பதாக 1997-ல் வெளியிட்டார்கள். 2023-ல் வெளியான இந்தியக் கணக்கு நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்கிறது. 88 லட்சம் மருமகள்கள் சேர்ந்து மருந்து வைத்தார்களா?

இந்நோய்களில் பெரும்பான்மையானதற்கு அல்சைமர் என்று பெயர். அது ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் பெயர். தம்மிடம் 1901-ல் வந்த ஒரு பெண்மணி 1906-ல் இறந்தபின், அவர் மூளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் படிவுகளையும் முறுக்கிய நூல்களையும் கண்டவர் அவர். அதன்பின் ஏறக்குறைய நூறு வருஷம், செத்தவர் மூளையில்தான் இதைப் பார்க்க முடிந்தது. இன்று உயிரோடிருப்பவர் மூளையிலேயே பார்க்கிறார்கள். எப்படியென்றால், படிவில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளில் மிகச் சிறிதளவு கதிர்வீச்சைச் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். அது ஒட்டிய இடமெல்லாம் இயந்திரத்தில் படமாய்த் தெரிகிறது. பெட் ஸ்கேன் என்பது இதுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்து அந்தியோக்கியா மலைநாட்டில் ஒரு பெரிய வமிசம். சுமார் 6,000 பேர். அவர்களில் பலருக்கு 44 வயதில் மறதி தொடங்கி, 49-ல் புத்தி முற்றும் மங்கிவிடும். ஊரார் என்ன சொன்னார்கள்? சாபம், சூனியம், ஏதோ ஒரு மரத்தைத் தொட்ட தோஷம்! கடல் கடந்தாலும் பேச்சு நம் பேச்சுதான். பிரான்சிஸ்கோ லொபேரா என்ற மருத்துவர் 1980-களிலிருந்து வீடுவீடாய்ப் போய் வமிசாவளி எழுதினார். 14-வது குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு பிழைதான் காரணமென்று தெரிந்தது. தாய்க்கோ தகப்பனுக்கோ அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருமா வராதா என்பது காசு சுண்டிப்போட்ட கதைதான், பாதிக்குப் பாதி.

அவ்வமிசத்தில் 20 முதல் 56 வயதுவரை 50 பேரின் மூளையைப் படமெடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். பிழையுள்ளவர்களுக்குச் சுமார் 28 வயதிலேயே படிவு தொடங்கிவிடுகிறது! நோய் தெரிவதற்கு 16 வருஷம் முன்பு! வயதானபின் வரும் வகையிலும் இப்படியே பல வருஷம் முந்தித் தொடங்குகிறது என்று வேறு படங்கள் காட்டுகின்றன. அப்படியிருக்க, போன மாதம் வைத்த மீன் குழம்பு எப்படிக் காரணமாகும்?

இங்கே ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "பரம்பரை என்றால் தலையெழுத்துதானே?" நல்ல கேள்வி. அதே வமிசத்தில் அந்தப் பிழையோடு பிறந்த ஒரு பெண்மணிக்கு 70 வயது தாண்டும்வரை நோய் வரவில்லை. அவர் மூளைப்படத்தில் படிவு நிறைய. முறுக்கு நூல் மட்டும் குறைவு. வேறொரு மரபணுவிலிருந்த அபூர்வமான மாற்றம் அவரைக் காத்திருக்கலாமென்று 2019-ல் எழுதினார்கள். அதே மாற்றத்தின் வேலையைச் செய்யும் மருந்து கிடைக்குமா என்று இப்போது தேடுகிறார்கள். தலையெழுத்தைப் படித்து, அதில் திருத்த இடமுண்டா என்று தேடிய பூசாரி எவராவது உண்டா?

மருந்து கண்டுபிடித்தாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. அவ்வமிசத்தார் 252 பேரிடம் பல வருஷம் சோதித்த ஒரு மருந்து பலிக்கவில்லை என்று 2022-ல் வெளிப்படையாய் அறிவித்தார்கள். "என் மந்திரம் பலிக்கவில்லை" என்று எந்த மந்திரவாதி நோட்டீஸ் போட்டான்?

இன்னொன்று. பாட்டிக்குப் பைத்தியமென்று சொல்லி என் அண்ணன் மகளுக்கு வந்த சம்பந்தம் முறிந்தது. அந்தக் கொலம்பியா வகையைப் போல நேரே இறங்கிவருவது அல்சைமர் நோயில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 70 வயதுக்கு மேல் வந்த மறதியைக் காட்டிப் பேத்திக்குக் கலியாணத்தைத் தடுப்பது அயோக்கியத்தனம்.

ஆகவே வீட்டில் யாருக்காவது மறதி கண்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் மறதி வரும். அவற்றை மாத்திரையிலும் ஊசியிலும் சரிசெய்யலாம். மருந்து எடுக்கிறவனிடம் போனால் அந்தக் காலமும் வீணாகும்.

அவன் துப்பிய உருண்டையை நான் எறியவில்லை. இதோ மேஜைமேல் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். மெழுகும் மயிரும்தான். மயிரும் கன்னங்கரேல் என்றிருக்கிறது. என் தாயாருக்குத் தலை நரைத்து இருபது வருஷமாயிற்று. கூட்டம் கலைந்ததும் வந்து கையிலெடுத்துப் பாருங்கள்.