மாலைப்பொழுதும் ஊராட்சியின் பொறுப்பும்

(ஊராட்சி மன்றத்தினருக்கான பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலை முதல் சாலை, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய் முதலியவற்றைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டோம். இப்பொழுது நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், பள்ளி விட்டது முதல் இருட்டும் வரை நம் ஊர்க் குழந்தைகள் எங்கே இருக்கின்றனர் என்பதாகும். இது பெற்றோர் கவனிக்க வேண்டிய காரியம், ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

பள்ளி மணி அடித்தவுடன் குழந்தைகள் வீடு திரும்புகின்றனர். அந்நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? தந்தை வயலில் இருக்கிறார். தாய் களையெடுத்து முடித்து, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிடுகிறது. வசதியுள்ள வீட்டில் படித்த அண்ணனோ அத்தையோ பாடம் சொல்லித் தருவார்கள். இல்லையேல் பணம் கட்டி டியூஷனுக்கு அனுப்புவார்கள். கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டில் மூத்த பெண் குழந்தையே தம்பியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறாள். பையன்கள் ஏரிக்கரைக்கும் கிணற்றடிக்கும் போய்விடுகின்றனர். கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகள் நம் பகுதியில் எத்தனை உள்ளன என்பதை எம்மைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

குழந்தைகளின் பசியைப் போக்கும் காரியத்தில் நம் மாநிலம் நெடுந்தூரம் வந்துள்ளது. 1956 ஆம் ஆண்டு காமராஜர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில், செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே ஏற்றனர். 1982 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள் முதல் எம்.ஜி.ஆர். அவர்களின் சத்துணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதிலுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. காலையும் நண்பகலும் இவ்வாறு கவனிக்கப்பட்டுவிட்டன. மாலைப்பொழுது மட்டும் மிஞ்சி நிற்கிறது.

மாலையில் ஓர் ஊர் எதைச் சாதிக்க இயலும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு. கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்குச் சில நாட்கள் முன்னர், அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தந்த ஊரில் படித்துவிட்டு இருக்கும் தன்னார்வலர் ஒருவர், மாலை நேரத்தில் சுமார் இருபது குழந்தைகளை ஓரிடத்தில் கூட்டி, கதையும் பாட்டும் விளையாட்டுமாகக் கற்பிப்பது அதன் முறை. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

அதன் பலன் என்ன? தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். 2019 இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளைவிட, 2021 டிசம்பரில் சோதிக்கப்பட்டவர்கள் கணக்கிலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் கிடைத்தது என அவர்கள் கணக்கிட்டுள்ளனர். நலிந்த குடும்பக் குழந்தைகளே இவ்வகுப்புகளுக்கு அதிகமாக வந்தனர் என்பதையும் அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. மழை பெய்யும்போது மேட்டு நிலத்தைவிடப் பள்ளத்து வயலுக்கு முதலில் நீர் சேர்வதுபோல என்று இதனைக் கொள்ளலாம்.

தொடக்கத்தில் இருந்த மையங்கள் எல்லாம் நிலைத்து நிற்கவில்லை. எம் ஒன்றியத்திலும் சில நின்றுபோயின. காரணம் தேடினால் பெரிதாக ஒன்றும் இல்லை. கற்பித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் திருமணமாகி வேற்றூர் சென்றுவிடுகிறாள். மறுநாள் வகுப்பு இல்லை. திருமணம் நல்ல செய்திதான். ஆயினும் அவளுக்கு அடுத்து நிற்க இன்னொருவரை ஊரார் முன்னரே தேர்ந்து வைத்திருக்கலாம் அன்றோ? நெற்களத்தில் ஒரே ஆளை நம்பிப் போரடிப்பவர் யாரும் இல்லை.

இனி, சற்றுத் தயக்கத்துடன் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்திற்கு வருகிறோம். ஓர் ஊராட்சியில் மாலை வகுப்பு ஊர்த் தெருவிலுள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்து வந்தது. கற்பித்தவர் நன்கு கற்பித்தார். ஆனால், காலனிக் குழந்தை ஒன்றுகூட அங்கு வரவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை என்றனர். உண்மைதான், வாவென்று ஒருவரும் அழைக்கவும் இல்லை. இடத்தை மாற்றலாம் என்று பேச்செடுத்தபோது, பெரியவர் ஒருவர், "அவரவர் தெருவில் ஒன்று வைத்துக்கொண்டால் போகிறது, சார்" என்றார். அவர் கெட்ட எண்ணத்துடன் சொல்லவில்லை; பழக்கத்தால் சொன்னார். பகலில் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்ணும் குழந்தைகளை மாலையில் மட்டும் இரண்டாகப் பிரிப்பது எப்படி முறையாகும் என்று நாம் கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, மன்றத் தலைவர் அம்மையாரின் உறுதியால் வகுப்பு பள்ளிக்கூடத் தாழ்வாரத்திற்கு மாறியது. முதல் வாரம் ஊர்த் தெருக் குழந்தைகள் சிலர் நின்றுகொண்டனர். பிறகு, வருகிற பிள்ளைகள் கபடி ஆடுவதைப் பார்த்து அவர்களும் வந்துவிட்டனர். இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இக்காரியத்தில் பாதி என்பது எம் துணிபு. தனியார் திண்ணை வேண்டாம். கோயில் மண்டபமும் எல்லா ஊர்களிலும் பொருந்தாது. பள்ளி, நூலகம், ஊராட்சிக் கட்டடம் ஆகியவை எல்லோருக்கும் உரியவை.

அவ்விடத்திலிருந்து ஏழு மணிக்குப் பெண் குழந்தைகள் வீடு திரும்ப வேண்டும். வழியில் விளக்கு எரியவில்லையெனில் மறுநாள் தாய் அனுப்பமாட்டாள். 1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி பொதுத் தெருக்களுக்கு விளக்கிடுதல் ஊராட்சியின் கடமையே. ஆகவே, இதற்கெனத் தனி ஆணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. குடிநீரும், பூட்டப்படாத கழிப்பறையும் அத்தகையனவே. சுண்டலோ வேர்க்கடலையோ கொடுக்க மகளிர் குழுவினர் முன்வந்தால் மிக நன்று; விளைந்த வீட்டார் ஆளுக்கு ஒரு படி கொடுத்தால் பல நாட்களுக்கு வரும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் குழந்தை பெற்றோருக்கு உதவுவதை 2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடை செய்யவில்லை. ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு வரட்டும். ஆனால், பூச்சிமருந்துக் கலத்தின் அருகே அவர்களை விடாதீர்கள்.

மாலையிலும் படிப்பா என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்விதான். மாலை மையம் இன்னொரு பள்ளிக்கூடம் ஆகிவிடக் கூடாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனியே அரைமணி நேரம் ஒதுக்கிவிட்டு, மீதியைக் கதைக்கும் விளையாட்டுக்கும் விடுவதே போதும். கைபேசியில் மூழ்கியிருப்பதைவிட அது மேல் என்பதில் ஐயமில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அக்குழுவில் இடம்பெற்றுள்ள ஊராட்சி உறுப்பினர், கையெழுத்திடுவதோடு நில்லாமல், மாலை மையத்தைப் பற்றி அங்கு பேச வேண்டும். கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுவதாயிற்று. அவற்றுள் ஒன்றிலேனும் எந்தத் தெருவிலிருந்து எத்தனை குழந்தைகள் மையத்திற்கு வருகின்றனர், எந்தத் தெருவிலிருந்து வரவில்லை என்பதைப் பெயர் குறிப்பிடாமல் படிக்கச் செய்யலாம்.

கடைசியாக நூலகங்கள். 2006 இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட ஊராட்சி நூலகங்களுள் பல, பூட்டிக் கிடந்து விதை மூட்டை அடுக்கும் இடமாகிவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம். மாலை மையத்திற்கு அவற்றைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. தத்தம் ஊர் நூலகத்தின் கூரை, மின் இணைப்பு, புத்தகங்கள் ஆகியவற்றின் நிலையை ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்திற்கு முன்னர் ஒன்றிய அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.