இரண்டு பெட்டி நிறைய ஓவியங்கள்



காலையில் கண் விழித்துச் செல்பேசியை எடுத்தால் போர், அடுத்தது விலைவாசி, அதற்கடுத்தது யாரை நம்புவது என்றே விளங்காத சண்டைகள். இந்த நேரத்தில் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு டிராயிங் டீச்சரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1898-இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹௌஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரையும் கணவரையும், யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சுமைதான் அனுமதி. நாமாக இருந்தால் கம்பளி எடுத்திருப்போம், ரொட்டி எடுத்திருப்போம். அந்த அம்மா தாளும் வண்ணமும் எடுத்துப்போனார்.

முகாமில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தடை. படம் வரையத் தடையில்லை. அந்தச் சின்ன இடுக்கு அவருக்குப் போதுமானதாக இருந்தது. தாள் தீர்ந்தபோது அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் வரைய வைத்தார். பழைய தாள்களைக் கிழித்து ஒட்டவைத்தார். தாளம் தட்டி, அதற்கேற்பக் கோடு இழுக்கச் சொன்னார். பிள்ளைகள் தாங்கள் விட்டுவந்த வீட்டை வரைந்தார்கள், பூவை வரைந்தார்கள், பட்டாம்பூச்சியை வரைந்தார்கள். தாங்கள் படுத்திருந்த அடுக்குக் கட்டிலையும் வரைந்தார்கள்.

துயரத்தை மறக்க வரைந்தார்கள் என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறந்தவர்கள் கட்டிலை வரைவார்களா? எப்போது எழுவது, என்ன தின்பது, எந்த ரயிலில் ஏறுவது, எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்த ஊர் அது. அங்கே, இந்தக் கூரைக்குச் சிவப்பா நீலமா என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை தானே முடிவு செய்தது. கலை தரும் ஆறுதல் என்று நான் நம்புவது அதைத்தான். முகாம் ஏட்டில் வெறும் எண்ணாக இருந்த அந்தப் பிள்ளைகளிடம், படத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள் என்றார் டீச்சர்.

1944 செப்டம்பரில் கணவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். ஃப்ரீடல் தானாகவே பெயர் கொடுத்துப் பின்னால் போனார். அக்டோபரில் அங்கே கொல்லப்பட்டார். கணவர் பிழைத்துவிட்டார்.

டெரெசினில் ஒளித்துவைத்த இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 ஓவியங்கள் இருந்தன. போருக்குப் பின் அவை பிராக் நகருக்கு வந்தன. இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. அவர்கள் கைப்பட எழுதிய பெயரால்தான், இது இன்னார் வரைந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

முகாமுக்கு முன்பே ஃப்ரீடலிடம் பயின்ற ஈடித் கிராமர், 1938-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மனம் நொந்த சிறுவர்களை ஓவியத்தின் வழியே தேற்றும் சிகிச்சைமுறையை வளர்த்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

இங்கே தலைமையாசிரியர்கள் சிலரும் அமர்ந்திருக்கிறீர்கள். தேர்வு நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்குக்கு வாங்கிக்கொள்வது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. கைகூப்பிக் கேட்கிறேன், இந்த ஆண்டு அதை வாங்காதீர்கள். படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். மரம் ஏன் ஊதாவாக இருக்கிறது என்று அதட்டாதீர்கள். வரைந்து முடித்ததும், கீழே பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.